தென்துருவ மண்ணுக்கு ஒரு பொன்னாடை

1988 ஏப்ரலில், சித்திரை பிறக்க மூன்று நாள் இருக்கும்போது, ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு தெர்மாஸ் ஃப்ளாஸ்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஃப்ளாஸ்குக்குத் தோள் கிடையாது. முதல்முறை ஆடை வழுக்கி மேசைக்குக் கீழே போனது. இரண்டாம் முறையும் போனது. மூன்றாம் முறை தாவரவியல் துறைத் தலைவர் டாக்டர் சௌந்தரபாண்டியன் தாமே எழுந்து, அதன் கழுத்தைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். மூடிக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மேளக்காரர் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்பதை வாசித்தார். அவரிடம் வெளியூரிலிருந்து ஒருத்தர் வருகிறார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

ஃப்ளாஸ்குக்குள் ஐஸ்கட்டி. ஐஸ்கட்டிக்கு நடுவே, விரல் நீளத்தில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள். குப்பிகளுக்குள் தென்துருவத்து மண்.

கொண்டுவந்தவர் கண்ணுச்சாமி. அந்தக் கல்லூரியின் பழைய மாணவர், ராணுவத்தில் ஹவில்தார். தென்துருவத்தில் இந்தியா போட்டிருந்த முகாமுக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போனவர். வெந்நீரில் கொதிக்க வைத்த கரண்டியால், பாறைகளுக்கு நடுவே பனி மூடாத இடத்தில் அள்ளி, முகாம் டாக்டரிடம் வாங்கிய சுத்தமான குப்பிகளில் அடைத்து, கப்பலில் குளிர்ப்பெட்டியில் வைத்து, கோவாவிலிருந்து ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் ஐஸ் மாற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். முன்கூட்டியே எழுதிய கடிதத்தில் ஒரு வரி: 'நம்ம ஊர் கம்மாய் கோடையில் காய்வது ஒரு காய்ச்சலே இல்லை சார். இங்கே மழையே கிடையாது. இருக்கிற தண்ணியும் கல்லாக இருக்கிறது. இந்த மண்ணில் உயிர் ஏதும் உண்டா என்று பார்த்துச் சொல்லவும். குளிரிலேயே வைக்கவும். தயவுசெய்து வெளியில் திறக்க வேண்டாம்.'

கடிதத்தை மேடையில் டாக்டர் சௌந்தரபாண்டியன் வாசித்தார். கடைசி வரியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதால் அது விட்டுப்போனது.

சிறப்பு விருந்தினர் மில் அதிபர் சுப்புராஜ். நல்ல மனிதர். கூப்பிட்ட இடத்துக்கு வருவார், கொடுத்த நாற்காலியில் உட்காருவார். அவரை வெறுமனே அனுப்புவது மரியாதையில்லை என்று முதல்வர் கருதியதால், ஒரு குப்பியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்கள். நம் ஊரில் ஒரு புனிதமான பொடியைக் கையில் கொடுத்தால் என்ன செய்வோமோ அதைத்தான் அவரும் செய்தார். சந்தனக் கிண்ணத்தில் தோய்ந்திருந்த விரலை உள்ளே விட்டு, ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி, நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"சார்... சார், அதைத் தொறக்கக்கூடாது சார்!" என்றார் கண்ணுச்சாமி. மேளம் உச்சத்தில் இருந்தது. பக்கத்திலிருந்தவர் அவருக்குத் தண்ணீர் வேண்டுமாக்கும் என்று நினைத்து ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

கூட்டத்தில் கண்ணுச்சாமியின் முகத்தைக் கவனித்தது ஒரே ஒருத்திதான். பரிபூரணம். அந்தத் துறையில் ஆறு வருடமாகத் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். பகுதிநேரமாக எம்.ஃபில். பதிந்திருந்தாள். வழிகாட்டி சௌந்தரபாண்டியன், தலைப்பு, இந்த மண். ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டில் வழிகாட்டியின் கையெழுத்து விழுந்தால் பட்டம் உண்டு, வேலை நிரந்தரமாகும். விழாவிட்டால் பதிவு ரத்து, வேலைக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். 'தற்காலிகம்' என்ற சொல்லை ஆறு வருடம் நீட்டிக்க முடிகிற ஒரே இடம் நம் கல்வி நிலையங்கள்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஏழாவது வருடத்துக்கு நீளாது என்பதும் தெரியும்.

விழா முடிந்ததும் திறக்காத இரண்டாவது குப்பியை அவள் துறை ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோனாள். உள்ளே பேராசிரியர்களின் மோர், எலுமிச்சம்பழம், முதல்வர் வீட்டுக்குப் போக வேண்டிய மாம்பழம். மண்ணுக்கு இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் நாளுக்கு நாலு மணி நேரம் கரண்ட் இல்லை.

கண்ணுச்சாமி அவள் கையில் ஃப்ளாஸ்கைத் திணித்தார்.

"டீச்சர், ஒண்ணுதான் மிச்சம். இதையாவது காப்பாத்துங்க. எட்டாயிரம் மைலு மடியில வச்சுக் கொண்டாந்தேன், எட்டு நிமிசத்துல தொறந்துட்டாகளே."

"எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க கவலப்படாம லீவு முடிச்சுப் போங்க," என்றாள் பரிபூரணம்.

அன்று சாயங்காலம் தென்துருவம், சேத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் பரிபூரணத்தின் மடியில் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது. கண்டக்டர் பொன்னாடையைப் பார்த்துவிட்டு, "கோயில் சாமானா டீச்சர்? கால் படாம வையுங்க," என்றார்.

*

அவள் போன இடம் பால் குளிரூட்டும் நிலையம். அங்கே பால் பரிசோதனை பார்ப்பவள் செல்லத்தாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து பரிபூரணத்தோடு ஒரே பெஞ்சு. எஸ்.எஸ்.எல்.சி.யோடு ஒருத்தி நிறுத்தினாள், இன்னொருத்தி மேலே போனாள். அதை இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்வதற்கு மட்டுமே பயன்படுத்தினார்கள்.

செல்லத்தாயின் வேலை இது. கேனில் பால் வரும். ஒரு டெஸ்ட் டியூபில் கொஞ்சம் பாலை ஊற்றி, நீல மருந்து ஒரு மில்லி விட்டு, மூடி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைப்பாள். பாலில் கிருமி இருந்தால் அது காற்றைக் குடிக்கும். காற்று தீர்ந்ததும் நீலத்தை வெளுக்கச் செய்யும். நல்ல பால் ஐந்து மணி நேரம் நீலமாகவே நிற்கும். மோசமான பால் அரை மணியில் வெள்ளையாகிவிடும். பன்னிரண்டு வருடமாக நீலம் வெளுத்தால் சண்டை, வெளுக்காவிட்டால் சமாதானம். கான்சாபுரத்துப் பால்காரர் ஒருவர், இவள் கண் பட்டுத்தான் வெளுக்கிறது என்று வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன இது? ஃப்ளாஸ்குக்குச் சேலை கட்டி விட்டுருக்க?"

"பொன்னாடைட்டி. இது உள்ள தென்துருவத்து மண்ணு இருக்கு. ஒங்க குளுரு ரூம்ல ஒரு மூலை குடு."

"மண்ணா? ஏன், நம்மூர்ல மண்ணு தட்டுப்பாடா?"

பரிபூரணம் விஷயத்தைச் சொன்னாள். செல்லத்தாய் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சாம்பல் நிற மணல். சிமெண்டுக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள்.

"இதுல உசுரு இருக்கும்ங்கிற?"

"தெரியல. அதத்தான் கண்டுபிடிக்கணும். முளைக்க வச்சுப் பாக்கலாம். ஆனா முளைக்காம, சும்மா மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு இருந்தா கண்ணுக்குத் தெரியாது."

"மூச்சு விட்டா நீலத்துல தெரியுமே," என்றாள் செல்லத்தாய், அடுத்த கேனைத் திறந்துகொண்டே.

எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று பரிபூரணம் யோசித்தாள். பாலுக்கு இருக்கிற சோதனையை மண்ணுக்கு வைத்துப் பார்க்க, பாலோடு பன்னிரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும் போல.

நாலு நாளில் ஏற்பாடு தயார். ஆறு டெஸ்ட் டியூப். மூன்றில் மண் அப்படியே. மற்ற மூன்றுக்கான மண்ணைச் செல்லத்தாய் வீட்டு பிரஷர் குக்கரில் மூன்று நாள், நாளுக்கு நாலு விசில் வைத்து அவித்தார்கள். அவித்த மண்ணில் உயிர் இருக்காது. எனவே அது வெளுக்கக்கூடாது. பச்சை மண் மட்டும் வெளுத்தால் அதற்குக் காரணம் உயிர்; இரண்டும் வெளுத்தால் காரணம் மண்ணிலிருக்கும் வேறெதோ. எல்லாவற்றிலும் நீல மருந்து விட்டு, பாடப்புத்தகத்தில் சொன்ன சத்துக் குழம்பை குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றி, கார்க் வைத்து, மாதா கோயில் மெழுகுவர்த்தியை உருக்கி வாயை அடைத்தாள் பரிபூரணம். குளிர் அறையில் வெண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பின்னால், கறுப்புத் துணி மூடி, ஆறும் நின்றன.

ஒரு மாதம் நின்றன. ஆறும் நீலம்.

"மண்ணு செத்துப்போச்சுட்டி," என்றாள் பரிபூரணம், மே மாதம் நடுவில். "எனக்கு வேலையும் அப்பிடித்தான்."

செல்லத்தாய் ஒரு குழாயைத் தூக்கிப் பார்த்தாள். "இதுல என்ன ஊத்துன?"

"மாட்டுக்கறிச் சாறு, பெப்டோன்..."

"ஏட்டி கூறுகெட்டவளே! நீ ஈஸ்டருக்கு முந்தி லெந்து காலத்துல நாப்பது நாளு ஒருசந்தி விரதம் இருந்தேல்ல. அது முடிஞ்ச அன்னைக்கு ஒனக்கு மொதல்ல என்ன குடுத்தேன்?"

"கஞ்சித்தண்ணி."

"அன்னைக்கு பிரியாணி குடுத்திருந்தா?"

"வாந்தி எடுத்திருப்பேன்."

"நீ நாப்பது நாளு. இது எம்புட்டு வருசமாப் பட்டினியோ! ஒரு வாய்த் தண்ணி இல்லாம கெடந்ததுக்கு நீ கல்யாண விருந்து வச்சிருக்க. செத்துக்கித்துப் போயிருக்கும்."

நம் மக்கள் செய்யக்கூடிய தவறு அது. விருந்தாளி என்றால் இலையில் இடமில்லாமல் வைப்போம்; அவரால் சாப்பிட முடியுமா என்று கேட்பது மரியாதைக் குறைவு. ராஜபாளையத்தில் பொன்னாடையால் ஒரு குப்பி போனது, ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தியால் பாதிக் குப்பி போனது. மிச்சம் இருந்த பாதியில், மே இருபதாம் தேதி பரிபூரணம் மறுபடி ஆறு குழாய் வைத்தாள். இந்தத் தடவை குழம்பை நூறு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு. பார்த்தால் வெறும் தண்ணீர்.

"இனி மண்ணு இல்ல," என்றாள்.

"இனி அவசரமும் இல்ல," என்றாள் செல்லத்தாய். "அது மெதுவாக் குடிக்கட்டும்."

*

ராஜபாளையத்தில் அவசரம் இருந்தது.

முதல் குப்பியிலிருந்து, அதாவது விரல் போன குப்பியிலிருந்து, சௌந்தரபாண்டியன் மண் எடுத்து, கண்ணாடித் தட்டில் கெட்டியான சத்துணவின் மேல் தூவி, முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டரில் வைத்தார். அந்தத் துறையில் எதை வைத்தாலும் முப்பத்தேழு டிகிரிதான். டிகிரி திருகும் குமிழ் எட்டு வருடம் முன்பே உடைந்துவிட்டது. மறுநாள் காலை தட்டு முழுக்க முட்டைக் கருவின் நிறத்தில், வட்ட வட்டமாக, பளபளவென்று மஞ்சள் புள்ளிகள்.

"உயிர்!" என்று கத்தினார். வராந்தாவில் போன இரண்டு மாணவர்கள் யாருக்கோ போய்விட்டது என்று ஓடிவந்தார்கள்.

பத்து நாளில் ஆங்கிலத்தில் கட்டுரை தயார். புதிய உயிரினம் என்று அறிவித்து, அதற்குப் பெயரும் வைத்தார்: பாசில்லஸ் சுப்புராஜென்சிஸ். புதிய ஆய்வுக்கூடக் கட்டடம் மில் அதிபர் மனதில் இருந்ததும் இந்தப் பெயரும் தற்செயலாக ஒத்துப்போயின. ஜூலை எட்டாம் தேதி பெயர் சூட்டு விழா. முதல்வர் ஒரு தொட்டில் கட்டலாம் என்றார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு பட்டு மெத்தை போதும் என்று முடிவானது.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தை பரிபூரணத்திடம் நீட்டினார்.

"உன் பேரும் போட்டிருக்கேன்மா. இரண்டாவது பேர். இதையே உன் ஆய்வேடா வச்சுக்கோ. கையெழுத்துப் போட்டா நானும் போட்டுருவேன். முடிஞ்சது."

"சார், மைனஸ் இருபதுல கெடந்தது முப்பத்தேழுல ஒரே நாளுல இம்புட்டு வளருமா?"

"அடாப்டேஷன்மா! ராஜபாளையத்து மண்ணுக்கு வந்தா எவனும் வளருவான்."

"எதுக்கும் குளுருல வச்சுப் பாத்தேன் சார். வளரல."

"நம்ம ஊர் பிடிச்சுப்போச்சு அதுக்கு. யோசிச்சுப் பாரு. ஜூலை முப்பத்தொண்ணு." கடைசித் தேதியை மட்டும் மிகத் துல்லியமாகச் சொன்னார்.

அன்று பரிபூரணம் அந்த மஞ்சள் தட்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். செல்லத்தாய் பார்த்ததும் சிரித்தாள்.

"இவரா? இவர எனக்கு நல்லாத் தெரியுமே!"

"யார?"

"போன வருசம் மதுரையில இருந்து ஆபீசர் வந்து, கறவக்காரவுங்க கையில சுத்தம் இருக்கான்னு ஒவ்வொருத்தர் விரலையும் இந்த மாதிரித் தட்டுல வைக்கச் சொன்னாரு. மறுநாளு இதே மஞ்ச. 'தோல்ல எல்லாருக்கும் இருக்கும், பயப்படாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. ஏட்டி, இது தென்துருவத்துல இருந்து வரல. விரல்ல இருந்து வந்திருக்கு. அந்த மண்ணுல யாரு விரல விட்டது?"

பரிபூரணம் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காதட்டி. நான் கையெழுத்துப் போட்டா வேலை நிரந்தரம். போடலன்னா வீட்டுல இருக்கணும்."

"போட்டா?"

"போட்டா, நாளைக்கு ஒரு புள்ள என் ஆய்வேட்டப் படிச்சுட்டு தென்துருவத்துல மஞ்ச கிருமி இருக்குன்னு பரிச்சையில எழுதும். மார்க்கும் வாங்கும்."

செல்லத்தாய் எழுந்து போய் குளிர் அறையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னைக்கும் நீலந்தான்," என்றாள். "ஆறும்."

*

ஜூலை எட்டு. மேடையில் பட்டு மெத்தை. மெத்தையில் மஞ்சள் தட்டு. அதன் காதில், அதாவது காது இருந்தால் இருக்கக்கூடிய பக்கமாகக் குனிந்து, சுப்புராஜ் தன் பெயரைத் தானே மூன்று முறை சொன்னார். கைதட்டல் ஓய்ந்ததும் பரிபூரணம் மேடையேறினாள். கையில் இரண்டு புதிய தட்டுகள். முந்தைய நாள் தயாரித்து, ஒன்றும் வளரவில்லை என்று பார்த்து வைத்தவை.

"ஐயா, ஆசீர்வாதமா ஒங்க விரல இந்தத் தட்டுல ஒரு தடவ வைக்கணும்."

சௌந்தரபாண்டியன் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். அதில் இது இல்லை. ஆனால் ஆசீர்வாதம் என்ற சொல்லை மேடையில் யாரால் மறுக்க முடியும்? சுப்புராஜ் மகிழ்ச்சியாக விரலை வைத்தார். புகைப்படக்காரர் கேட்டதற்காக இன்னொரு முறையும் வைத்தார். அதே நேரம் இரண்டாவது தட்டைப் பரிபூரணம் பக்கத்திலேயே திறந்துவைத்து, யாரும் தொடாமல், மூடினாள். மேடைக் காற்றிலிருந்து மஞ்சள் விழுகிறதா என்று தெரிய வேண்டும்.

மறுநாள் காலை தொடாத தட்டில் ஒன்றுமில்லை. தொட்ட தட்டில் விரல் வடிவத்திலேயே மஞ்சள் வரிசை. பாசில்லஸ் சுப்புராஜென்சிஸ், குடும்பத்தோடு.

சௌந்தரபாண்டியன் இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது... தற்செயலா இருக்கலாம்."

"இன்னொருக்க வைக்கச் சொல்லிப் பாப்பமா சார்? ஒங்க விரலையும் சேத்து?"

அவர் தன் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். அப்போது பார்த்து வாசலில் கார் நின்றது. செய்தித்தாளின் மதுரைப் பதிப்பில் புகைப்படத்தோடு செய்தி வந்திருந்ததைக் காட்டுவதற்காக சுப்புராஜே வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, இது நேத்து நான் தொட்டதுதான?"

"ஆமாங்கய்யா."

"அப்ப அந்தத் தட்டுல இருந்ததும்?"

"அதுவும் ஒங்க விரல்ல இருந்து போனதுதாங்கய்யா. விழாவுல மண்ணு எடுத்தீங்கல்ல, அப்ப போயிருக்கு. தப்பு ஒங்க மேல இல்ல. குப்பியக் கையில குடுத்தது நாங்க."

சுப்புராஜ் கண்ணாடியை மாட்டி மறுபடி பார்த்தார்.

"எங்கிட்ட எவ்வளவு நாளா இருக்கு இது?"

"பொறந்ததுல இருந்தே இருக்குங்கய்யா. எல்லார்ட்டயும் இருக்கு."

"அப்ப என் பேரு வச்சது ஒரு வகையில பொருத்தந்தான்," என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி ஒன்று கேட்டார். மூன்று மாதமாக, இரண்டு விழாக்களில், பதினேழு பேச்சாளர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. "சரிம்மா. அந்த மண்ணுல உயிர் இருக்கா இல்லையா?"

"தெரியாதுங்கய்யா. வில்லிபுத்தூர்ல ஆறு குழாய் வச்சிருக்கேன். அம்பது நாளாச்சு. இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எப்ப சொல்லும்?"

"அது இஷ்டம்."

செய்தித்தாளில் வந்ததை இனி யாரும் திரும்பப் பெற முடியாது. ஆனால் 'ஆய்வு தொடர்கிறது' என்று சொல்லலாம். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் எத்தனை பேர் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சௌந்தரபாண்டியனுக்குத் தெரியும். தொடர்கிறது என்றால் தொடர ஒருத்தி வேண்டும். அன்று மத்தியானமே பரிபூரணத்தின் பதிவை அக்டோபர் முப்பத்தொன்று வரை நீட்டிக்கும் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "குழாய்ல ஏதாவது வந்தா முதல்ல எங்கிட்டச் சொல்லணும்," என்றார். வராவிட்டால் யாரிடம் சொல்வது என்று சொல்லவில்லை.

*

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள், பஸ் நிறுத்தத்தில் நின்ற பரிபூரணத்தைத் தேடி, பால் நிலையத்து வெள்ளைக் கோட்டோடு செல்லத்தாய் ஓடிவந்தாள்.

"ஏட்டி! வா. ஒண்ணும் கேக்காத. வா."

"பஸ் வந்துருச்சுட்டி..."

"பஸ் நாளைக்கும் வரும்."

குளிர் அறையில் கறுப்புத் துணியை விலக்கினாள். அவித்த மண் மூன்றும் நீலம். பச்சை மண்ணில் இரண்டு நீலம். நடுவில் ஒன்று, கலங்கிய தண்ணீரின் நிறம். அடியில் சாம்பல் மணல். நீலம் இருந்த இடமே தெரியவில்லை.

இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே கேன்கள் உருண்டன, யாரோ செல்லத்தாயைக் கூப்பிட்டார்கள்.

"பன்னெண்டு வருசத்துல மொத மொறையா நீலம் போகணும்னு கும்புட்டுருக்கேன்," என்றாள் செல்லத்தாய். "தெனமும் ஆண்டாளுக்கு ஒரு கும்புடு. ஒங்க மாதாவுக்கும் ஒண்ணு போட்டு வச்சேன், எதுக்கும்."

பரிபூரணம் நோட்டை எடுத்தாள். எண்பத்தைந்தாம் நாள் என்று எழுதினாள்.

"ஒண்ணு போதாது," என்றாள். "கார்க்குல கோளாறா இருக்கலாம், கழுவாத குழாயா இருக்கலாம்..."

"ஆமா, ஒன் மூஞ்சியக் கண்டு வெளுத்திருக்கலாம். ஏட்டி, செத்த நேரம் சந்தோசப்பட்டாத்தான் என்ன?"

முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. சொன்னாள். அடுத்த நாள் சௌந்தரபாண்டியன், முதல்வர், புகைப்படக்காரர் மூவரும் வந்து இறங்கினார்கள். குளிர் அறைக்குள் கோட் போட்டிருந்த முதல்வர் மட்டும் நிம்மதியாக இருந்தார். ஏப்ரல் வெயிலிலிருந்தே எல்லா விழாவுக்கும் போட்டுவந்த அந்தக் கோட்டுக்கு அதுதான் முதல் நியாயமான இடம்.

"எங்கே, எங்கே?" சௌந்தரபாண்டியன் அந்தக் குழாயை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்.

"சார், அசைக்காதீங்க," என்றாள் பரிபூரணம்.

அவர் மருந்துப் பாட்டிலைக் கண்டால் குலுக்குகிற தலைமுறை. வெளிச்சத்தில் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்காக, நன்றாக நாலு குலுக்குக் குலுக்கினார்.

குழாய் மேலிருந்து கீழாக நீலமாகிவிட்டது.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். முதல்வர், "போயிருச்சா?" என்றார். சௌந்தரபாண்டியன் முகமும் குழாயின் நிறத்துக்கு வந்தது.

"நான்... நான் ஒண்ணும் செய்யலையே. நீங்க எல்லாரும் பாத்தீங்கல்ல?"

பரிபூரணம் சுவரில் சாய்ந்தாள். எண்பத்தைந்து நாள், நாலு குலுக்கு. செல்லத்தாய் சிரித்தாள்.

"ஏன் எல்லாரும் எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய? கார்க்குக்குக் கீழ கொஞ்சூண்டு காத்து இருந்துச்சு. சார் குலுக்குனதுல அது தண்ணிக்குள்ள போயிருச்சு. அதான் நீலம். பால்லயும் இப்பிடித்தான். உள்ள இருக்கது உசுரோட இருந்தா, அந்தக் காத்தையும் குடிச்சிரும், மறுபடி வெளுக்கும். செத்ததுன்னா இப்பிடியே நிக்கும்." சௌந்தரபாண்டியனைப் பார்த்தாள். "சார் நல்ல காரியந்தான் செஞ்சிருக்கிய. இது பெரிய பரிச்ச. ஒரு தடவ வெளுத்தா நம்மளே சந்தேகப்படலாம். ரெண்டாந் தடவையும் வெளுத்தா?"

பரிபூரணம் நிமிர்ந்தாள். நோட்டில் தேதி போட்டு எழுதினாள்: குலுக்கப்பட்டது. யார் என்று எழுதவில்லை. கொஞ்சம் யோசித்து, அவித்த மண் குழாய் ஒன்றை எடுத்து அதையும் அதேபோல் நாலு குலுக்குக் குலுக்கி வைத்தாள். இரண்டுக்கும் ஒரே பரீட்சை வேண்டுமே.

பிறகு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் ஒரு ஆச்சரியம் நடந்தது. சௌந்தரபாண்டியன் செவ்வாய்க்கிழமைதோறும் வகுப்பு முடிந்து, யாருக்கும் சொல்லாமல், பஸ் பிடித்து வில்லிபுத்தூர் வரத் தொடங்கினார். குளிர் அறை வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எதையும் தொட மாட்டார்.

"என்னம்மா, எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான் சார் இருக்கு. ஒரு டீ குடிக்கியளா?" என்பாள் செல்லத்தாய்.

செப்டம்பர் இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது இரண்டு பெண்களும் வாசலிலேயே நின்றார்கள். விலகி வழி விட்டார்கள்.

குலுக்கிய குழாய் வெளுத்திருந்தது. முதல் தடவை எண்பத்தைந்து நாள் எடுத்தது, இப்போது முப்பத்தேழே நாள். பக்கத்துப் பச்சை மண் குழாயும் பாதி வெளிறி, வானம் விடிகிற நிறத்தில் நின்றது. மூன்றாவது அசையவில்லை. அவித்த மூன்றும், குலுக்கிய ஒன்று உள்பட, மே மாதம் ஊற்றிய அதே நீலம்.

"எண்ணிக்கை கூடியிருக்கு சார்," என்றாள் பரிபூரணம். "அதான் இப்ப சீக்கிரம் குடிச்சிருக்கு. ஆனா ஆறு குழாய்தான். இருக்கலாம்னுதான் எழுதப்போறேன். இருக்குன்னு எழுத மாட்டேன்."

சௌந்தரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை விட்டுப்போக எந்த வரியும் இல்லை. வெறுமனே துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார்.

"யார் பேரும் வைக்க வேண்டாம்மா இதுக்கு," என்றார்.

ஆய்வேடு அறுபத்திரண்டு பக்கம். அதில் நன்றி தெரிவித்த பக்கத்தில் முதல்வர் பெயருக்கு மேலே செல்லத்தாயின் பெயர் இருந்தது என்று முதல்வர் வருத்தப்பட்டார். அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி சௌந்தரபாண்டியன் கையெழுத்துப் போட்டார். அதற்கு விழா வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பரிபூரணம் ஹவில்தார் கண்ணுச்சாமிக்கு ஒரு கார்டு எழுதினாள். ராணுவ விலாசம் பாதி இடத்தை எடுத்துக்கொண்டதால் சுருக்கமாகத்தான் எழுத முடிந்தது: 'மூன்றில் ஒன்று இரண்டு தடவை மூச்சு விட்டது. இன்னொன்று இப்போதுதான் விழிக்கிறது. மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை போனால் நாலு குப்பி கொண்டுவரவும். நேராகப் பால் நிலையத்துக்கு வரவும்.'

செல்லத்தாய் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஓரத்தில் மிச்சமிருந்த அரை அங்குலத்தில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: 'மேளம் கிடையாது.'